ஒரு நுகத்தில் இரு பொறிகள்

ஒற்றை மாட்டு வண்டியை விட இரட்டை மாட்டு வண்டியை ஓட்டுவது எளிது என்று எண்ணுவோர் பலர். வலிமை இருமடங்கானால் தொல்லை பாதியாகும் என்பது அவர்கள் கணக்கு. வண்டியோட்டிகளைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். இரண்டு மாடுகளும் ஒத்த உயரமும் ஒத்த நடையும் உடையனவாக இருந்தால் மட்டுமே அந்தக் கணக்குச் சரி. ஒன்று விரைய மற்றொன்று தயங்கினால் வண்டி பாதையை விட்டு விலகும். இவ்வுண்மையை நான் கற்றது மாட்டு வண்டியில் அன்று. இரண்டு மின்பொறிகள் பூட்டிய ஒரு சிறு விமானத்தில்.

வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுவது, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் மேற்கொண்ட பொழுதுபோக்கு. "தமிழாசிரியருக்கு இது எதற்கு?" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர்களுக்கு நான் புறநானூற்றின் 27-ஆம் பாடலை நினைவூட்டுவேன். சோழன் நலங்கிள்ளியைப் பாடும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் ஓட்டுநர் செலுத்தாத வான ஊர்தியில் விண்ணுலகம் எய்துவர் என்கிறார். பழந்தமிழர் விமானம் செய்தனர் என்பதற்கு இதனைச் சான்றாக்குவது மிகை. ஆயினும் ஆளின்றி இயங்கும் ஊர்தி என்னும் எண்ணம் நம் மொழிக்கு அயலானது அன்று என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

இரட்டைப் பொறி விமானம் ஒன்று செய்ய விரும்பியபோது, நான் தேர்ந்தது 'மொஸ்கிட்டோ' என்னும் பிரிட்டிஷ் போர் விமானம். மொஸ்கிட்டோ என்றால் கொசு. டி ஹாவிலண்ட் நிறுவனம் உருவாக்கிய இவ்விமானத்தின் முதற்படி 1940-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் பறந்தது. உலகமே உலோக விமானங்களுக்கு மாறிய காலத்தில் இதன் உடலையும் இறக்கையையும் மரத்தால் செய்தனர். போர்க்காலத்தில் அலுமினியம் அருமையாக இருந்தது. மரவேலை அறிந்த தச்சர்களோ நிறைய இருந்தனர். மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டி அதன் உடலைச் சமைத்தனர். தென்னமெரிக்காவின் எக்குவடோரில் விளையும் அதே பால்சாதான் மாதிரி விமானம் செய்வோரின் தலையாய மரமும் ஆகும். போருக்குச் சென்ற விமானமும் என் மேசைமேல் உருவான விமானமும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்பதில் எனக்கொரு மகிழ்ச்சி.

நம் மண்ணோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அவசரகாலத்தின்போது சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 81-ஆம் அணியினர் மொஸ்கிட்டோவில் பறந்து மலாயாக் காடுகளைப் படமெடுத்தனர். அப்படையில் மொஸ்கிட்டோவின் கடைசிச் செயற்பறப்பு நிகழ்ந்ததும் செலேத்தாரிலிருந்துதான். நாள் 1955 டிசம்பர் 15.

இங்கே என் அத்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறு வயதான அவர், 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசியபோது அங்கிருந்த சிறுமி. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி முடிந்த இறக்கையைக் கண்டதும், "இது என்னப்பா?" என்றார். போர் விமானம் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீ வாத்தியாரா இருந்தவன். பிள்ளைங்களுக்கு இதைத்தானா காட்டப் போறே?" என்று கேட்டார்.

அக்கேள்வி பல நாள் என்னை உறங்கவிடவில்லை. அழிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளின் வடிவை வியந்து, அதனை விளையாட்டுப் பொருளாக்குவது முறைதானா? வேலையை நிறுத்தவும் எண்ணினேன். ஈற்றில், செலேத்தாரிலிருந்து பறந்த வகையையே செய்வதென முடிவு செய்தேன். அவ்வகையில் துப்பாக்கி இல்லை, குண்டும் இல்லை, படக்கருவிகள் மட்டுமே. இதனால் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டதாக நான் கருதவில்லை.

உண்மை விமானத்தின் இறக்கை விரிவு ஏறத்தாழ 16.5 மீட்டர். என்னுடையது பத்தில் ஒரு பங்கு; அதாவது 165 சென்டிமீட்டர். கட்டி முடிக்க எட்டுத் திங்கள் ஆயின. ஒட்டுவதில் மிகுந்த கவனம் கொண்டேன். ஏனெனில் 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் மொஸ்கிட்டோ விமானங்கள் சில வானிலேயே உடைந்தன; மர ஒட்டுகள் விட்டுப்போனது கண்டறியப்பட்டுப் பல விமானங்கள் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டன. நம் நாட்டு ஈரக்காற்றிலும் பசையை எளிதில் நம்பிவிட இயலாது.

கட்டுவது ஒரு கலை என்றால், பறப்பதற்கு ஆயத்தம் செய்வது மற்றொரு கலை. இதில் எனக்குத் துணை நின்றவன் மின்வேலை கற்ற என் தம்பி மகன். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அக்கருவி, பொறிக்கு மின்சாரம் அளப்பதோடு, கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும் தன் சிவப்புக் கம்பி வழியே மின்சாரம் தருகிறது. இரண்டு கருவிகளும் ஒருங்கே கொடுத்தால் ஒன்றோடொன்று முரண்படக்கூடும். ஆதலால் ஒன்றின் சிவப்புக் கம்பியைக் கழற்றி, நாடா சுற்றி ஒதுக்கினோம். ஒரு வீட்டில் உலைவைக்கும் பொறுப்பு ஒருவருக்கே இருக்க வேண்டும் என்பது போன்றது இது.

அடுத்தது, இரு பொறிகளையும் ஒரு நடைக்குக் கொண்டுவருவது. விசைக் கோலை மெல்ல உயர்த்தியபோது இடப்பொறி முந்திச் சுழன்றது. வலப்பொறி ஒரு கணம் தாழ்ந்து விழித்தது. இரண்டு கருவிகளுக்கும் விசைக்கோலின் அடியெல்லையையும் மேலெல்லையையும் மீண்டும் கற்பித்தோம். சுழற்சிமானியால் அளந்து இரண்டும் ஒத்த பின்னரே மனம் அமைதியுற்றது.

உண்மை மொஸ்கிட்டோவின் விசிறிகள் இரண்டும் ஒரே திசையில் சுழன்றன. அதனால் தரையில் ஓடும்போது அது இடப்பக்கம் இழுத்தது. விமானிகள் இடப்பொறியின் விசையைச் சற்று முந்தி உயர்த்தி அதனை நேர்ப்படுத்தினர். நானோ விசிறிகளை எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டேன். பொறிக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை மாற்றி இணைத்தால் சுழலும் திசை மாறிவிடும். விசிறியையும் அதற்கேற்ப மாற்றுச் சாய்வு உடையதாகப் பூட்ட வேண்டும். இவ்வாறு செய்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடுசெய்யும்.

இனி எடைச் சமன். இறக்கையின் சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தொலைவில் விமானம் விரல்நுனியில் சமமாக நிற்க வேண்டும். பின்பாரம் கூடினால் விமானம் சொற்கேளாப் பிள்ளையாகிவிடும். மின்கலத்தை மூக்குப் பக்கம் தள்ளியும் போதாமல், சிறிது ஈயமும் வைத்தோம். அலைத் தொடர்பு அறுந்தால் பொறிகள் தாமே நின்றுவிடும்படியும் அமைத்தோம். கீழே நிற்பவர் உயிர், மேலே பறக்கும் பொருளினும் பெரிது அன்றோ?

விதிகளுக்கு உட்பட்டு, தோட்ட நிருவாகத்தின் இசைவோடு, செம்பனை மரங்கள் சூழ்ந்த பழைய பந்துத் திடலில் பறக்கவிட்டோம். காற்று எழாத காலை நேரம். அத்தையாரும் வற்புறுத்தி வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளை வெகுதூரம் பின்னே நிறுத்தினோம். விமானம் புல்லின்மேல் ஓடி, வால் தூக்கி, மெல்ல மேலெழுந்தது. இரு பொறிகளின் வேகம் சிறிது வேறுபட்டால் ஓசை அலையலையாக விம்மும். ஒத்துவிட்டால் ஒரே சுருதியாகிவிடும். அன்று ஒரே சுருதி கேட்டது.

மூன்றாம் பறப்பில் அச்சுருதி கெட்டது. வலப்பொறியின் இணைப்பொன்று அதிர்வால் விட்டுப்போக, அது நின்றுவிட்டது. விமானம் வலப்புறம் திரும்பிச் சாயத் தொடங்கியது. இத்தகைய வேளையில் கை தானாகவே விசையைக் கூட்ட விழையும். அதுவே அழிவுக்கு வழி. இயங்கும் ஒரு பொறியின் விசையைக் கூட்டக்கூட விமானம் மேலும் ஒரு பக்கம் இழுபடும். வேகம் குறைந்த நிலையில் சுக்கானுக்கும் அதனை எதிர்க்கும் வலிமை இராது. ஒரு மாடு படுத்துவிட்டபின் மற்றதை அடித்தால் வண்டி குடைசாயும். "பெரியப்பா, கொறைங்க!" என்று தம்பி மகன் கூவுமுன்பே என் விரல் விசையைக் குறைத்துவிட்டது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, சுக்கானை இடப்புறம் திருப்பி, செம்பனைக்கு இருபது அடி முன்பாக இறக்கினேன். பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர்.

அத்தையார் விமானத்தைத் தம் மடியருகே கொண்டுவரச் சொன்னார். அடிவயிற்றைத் தடவி, "குண்டு எங்கே இருக்கும்?" என்றார். குண்டில்லை, படக்கருவிதான் என்றேன். "மேலே போறப்ப அழகாத்தான் இருக்கு. அன்னிக்கும் அழகாத்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தானே நாங்க எல்லாரும் வெளியே ஓடி வந்தோம்" என்றார்.

அதன்பின், பள்ளிகளில் இவ்விமானத்தைக் காட்டிப் பேச அழைக்கும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். மரத்தையும் பசையையும், பொறியையும் சமநிலையையும் விளக்குகிறேன். ஜார்ஜ் டவுன் வீதியில் அண்ணாந்து நின்ற ஆறு வயதுச் சிறுமியையும் சொல்கிறேன். அறிவை மட்டும் கற்பித்து நினைவை விட்டுவிட்டாலும், நினைவை மட்டும் சொல்லி அறிவை மறுத்துவிட்டாலும், மாணவர் உள்ளம் ஒரு பக்கமே இழுபடும். இரண்டையும் ஒத்த நடையில் செலுத்துவது ஆசிரியர் கடன் என்பது என் துணிபு.