விடுதலை எதிலிருந்து? எதற்காக?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து, பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டிலும் எழுதி வைத்தான்.

ராஜா பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பாறை தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து உளி வந்தது. வேண்டாத கல்லை எடுத்தது. உள்ளே இடம் உண்டானது.

கிறிஸ்தவம் விடுதலை என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். மனிதன் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு கடவுளிடம் போக முடியாது, கடவுள்தான் அவனைத் தேடி வருகிறார். இதற்குக் கிருபை என்று பெயர். சரி, எதிலிருந்து விடுதலை? மூன்று விஷயங்களிலிருந்து.

முதலாவது பாவம். பாவம் என்றதும் நமக்கு கொலை, கொள்ளைதான் ஞாபகம் வரும். பவுல் அப்படிப் பார்க்கவில்லை. பாவத்தை ஒரு எஜமான் மாதிரியும் மனிதனை அதன் அடிமை மாதிரியும் பேசுகிறார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் கந்துவட்டி மாதிரி. மாசாமாசம் கட்டிக்கொண்டே இருப்போம், அசல் மட்டும் அப்படியே இருக்கும். கொஞ்சம் நல்லது செய்து பழைய தப்பைச் சமாளிப்பதும் வட்டி கட்டுகிற வேலைதான். சிலுவையில் அந்த அசலே அடைபட்டுவிட்டது என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை.

இரண்டாவது நியாயப்பிரமாணம், அதாவது சட்டம். சட்டம் கெட்டது என்று பவுல் எங்கேயும் சொல்லவில்லை. அதன் வேலை வேறு. ஒரு கம்பெனிக்கு ஆடிட்டர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பார்த்து எவ்வளவு பணம் குறைகிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் குறைகிற பணத்தை அவர் கல்லாவில் போடமாட்டார்! சட்டமும் அப்படித்தான். குறையைக் காட்டும், நிரப்பாது.

கலாத்தியா நாட்டு சபைகளில் சிலர் வந்து, கிறிஸ்துவை நம்பினால் மட்டும் போதாது, விருத்தசேதனமும் செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். பவுலின் கடிதங்களிலேயே மிகவும் கோபமான கடிதம் அதற்காக எழுதியதுதான். அவரே ஒரு காலத்தில் பரிசேயராக இருந்து சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். அதனால் அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சண்டை முடிந்துபோன கதை இல்லை. சினிமா பார்க்கக் கூடாது, நகை போடக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது... தமிழ்நாட்டில் எத்தனையோ கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் இந்தப் பட்டியலோடுதான் வளர்கிறார்கள். பட்டியலைக் கடைப்பிடிக்கிற பிள்ளைக்குக் கர்வம் வருகிறது. முடியாத பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது. இரண்டு பேருக்குமே விடுதலை வரவில்லை.

மூன்றாவதுதான் கஷ்டமானது, தன்னையே நம்பியிருப்பது. பரீட்சைக்குப் படிக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடவுளிடம் போகும்போது "இதோ என் மார்க் ஷீட்" என்று நீட்டுவதைத்தான் விட வேண்டியிருக்கிறது. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது உபவாசம், ஜெபம், பாவ அறிக்கை எல்லாம் உடம்பு கெடும் அளவுக்குச் செய்தார். சமாதானம் கிடைக்கவில்லை. 1520-ல் அவர் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். விசுவாசத்தினால் ஒருவன் யாருக்கும் அடிமை இல்லை, ஆனால் அன்பினால் எல்லோருக்கும் வேலைக்காரன் என்பதுதான் அதன் சாரம்.

இங்கே ஒரு கேள்வி வரும். சட்டமும் இல்லை, மார்க்கும் இல்லை என்றால் இஷ்டப்படி வாழலாமே? இதற்குப் பதில் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது, திண்டிவனத்தில்.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். தாத்தா ஜான் ஸ்கடர் மிஷனரி டாக்டர், அப்பாவும் அப்படியே. பெரியப்பாக்கள் என்று குடும்பமே மிஷனரிகள். அந்தக் குடும்பத்தில் அது எழுதாத சட்டம் மாதிரி! ஐடாவுக்கு அதில் விருப்பம் இல்லை. அமெரிக்காவில் படித்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். சீக்கிரம் திரும்பிவிடுவதுதான் திட்டம்.

ஒருநாள் ராத்திரி மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூன்று பேரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வரக்கூடாது என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த ராத்திரி ஐடாவின் கையில் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. தன்னால் முடியும் என்று சொல்லவும் வழியில்லை. அங்கிருந்துதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. அமெரிக்கா போய் 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960-ல் அவர் இறந்தார்.

குடும்ப வழக்கம் என்று பயந்து அவர் செய்திருந்தால் வெளியே பார்க்கிறவர்களுக்கு அதே வேலைதான் தெரிந்திருக்கும். உள்ளே மட்டும் வித்தியாசம். யாரும் கட்டாயப்படுத்தாதபோது, எந்தக் கணக்கிலும் வரவு வைக்காமல், எதிரே இருக்கிறவருக்காகச் செய்வது! விடுதலை எதற்காக என்றால், இதற்காகத்தான்.

நாம் செய்கிற நல்ல காரியங்களில் பயத்தினால் செய்வது எத்தனை, அன்பினால் செய்வது எத்தனை? இந்தக் கணக்கை வேறு எந்த ஆடிட்டராலும் பார்க்க முடியாது. அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.