நிறுத்தி வைக்கத் தெரிய வேண்டும்

கொடைக்கானலுக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரிந்தது ஏப்ரல், மே சீசன். இங்கே குடியிருப்பவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது ஐப்பசி, கார்த்திகை மழை. டால்பின் நோஸ் போகும் வழியில் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டக்கானலில், அந்த மாதங்களில் மதியத்திலேயே மேகம் வீட்டுக்குள் நுழைந்துவிடும். துவைத்த துணி காயாது. உப்பு ஜாடியில் நீர் விட்டுக்கொள்ளும். பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பில்கூடப் பூஞ்சை படரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட நாட்களில் வண்டி இருந்தும் பயனில்லை.

அதனால் மழை பிடிக்கும் முன்பே என் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடுவேன். 1985-இல் இந்தியாவில் அறிமுகமாகி 1996-இல் தயாரிப்பு நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி அது. ஒரிஜினல் பாகம் ஒன்று கெட்டால் ஊர் ஊராகத் தேட வேண்டும். எனவே நிறுத்துவதையே ஒரு வேலையாக எடுத்துச் செய்கிறேன்.

உலகத்தின் மறுகோடியில் இதே வேலையைச் சித்திரை, வைகாசியில் செய்கிறார்கள். கனடாவில் பனிமேல் ஓடும் ஸ்நோமொபைலைப் பனி உருகியதும் ஓரங்கட்டியாக வேண்டும். கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவர் 1959-இல் 'ஸ்கி டூ' வண்டியைக் கொண்டுவந்த பிறகு அங்கே அது வீட்டு வாகனமாகவே ஆகிவிட்டது. கோடை முழுக்க அது சும்மா நிற்கும். பெட்ரோலைக் கவனிப்பது, எஞ்சினுக்குள் எண்ணெய் விடுவது, பேட்டரியைக் கழற்றுவது, சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர்ப் பட்டையைத் தரையில் படாமல் தூக்கி வைப்பது, எலி நுழையும் துளைகளை அடைப்பது என்று அவர்கள் செய்வதில் பெரும்பகுதி நம் மலை வண்டிக்கும் அப்படியே பொருந்தும். பருவம்தான் வேறு, இரண்டு இடத்திலும் எதிரி ஈரமும் எலியும்தான்.

முதல் வேலை பெட்ரோல். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். இரும்பு டேங்க் அங்கேதான் துருப்பிடிக்கத் தொடங்கும். காற்றுக்கு இடமில்லாமல் டேங்க்கை நிரப்பி வைப்பது பழைய வழக்கம். மேகம் உள்ளே வரும் ஊரில், இந்தப் பெட்ரோலுக்கு, முழுக்க வடித்துவிடுவதே நல்லது என்பது என் முடிவு. வெட்டவெளியில், அடுப்பும் பீடியும் கிட்டே இல்லாத இடத்தில் வடித்துவிட்டு, டேங்க்கைக் கழற்றி, கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றி நாலு பக்கமும் புரட்டுவேன். உள்சுவர் முழுக்க எண்ணெய் படிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் என்பதால் அந்த எண்ணெய் அடுத்த பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தையும் காலி செய்ய வேண்டும். அதில் நிற்கும் பெட்ரோல் ஆவியானால் மிஞ்சுவது பிசின். ஊசி முனை அளவுள்ள ஜெட் துளையை அடைக்க அது போதும்.

பெட்ரோலை வடிக்கும் முன் ஒன்று உண்டு. வண்டியைக் கழுவிய கையோடு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவர வேண்டும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வட்டக்கானலிலிருந்து கடைவீதிக்கும் திரும்பவுமாகச் சின்னச் சின்ன ஓட்டமே ஓடும் வண்டியில், இந்தக் குளிரில், அந்த நீர் சைலன்சரிலேயே தங்கிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது. ஓட்டினால் சூடேற ஓட்ட வேண்டும். இல்லையேல் தொடவே கூடாது.

அடுத்தது எஞ்சினின் உள்பக்கம். இதைச் சொல்லிக் கொடுத்தவர் மூஞ்சிக்கல் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, சாவி ஆஃபில் இருக்க, கிக்கரைக் கையால் மெதுவாகப் பலமுறை அழுத்த வேண்டும். எண்ணெய் சிலிண்டர் சுவரிலும் ரிங்குகளிலும் பரவும். பிறகு பிளக்கை மாட்டி மறுபடி அழுத்தினால் ஓரிடத்தில் கிக்கர் இறுகும். "அங்கதான் நிறுத்தணும் தம்பி, அதுக்கு மேல மிதிக்காதே" என்பார். இறுகும் இடத்தில் பிஸ்டன் மேலேறி நிற்கிறது. சைலன்சர் பக்கத்துத் துளை அடைபட்டிருக்கிறது. ஈரக் காற்று அந்த வழியாக மேல் அறைக்குள் போக முடியாது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது.

மற்றவை சில்லறை வேலைகள், ஆனால் விடக்கூடாதவை. டபுள் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்கு அடியில் பலகை வைக்க வேண்டும். மண் தரையின் ஈரம் டயருக்கு ஆகாது. பேட்டரியில் மைனஸ் வயரை முதலில் கழற்றி, எடுத்துச் சென்று மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் துடைத்து கியர் ஆயில் விட வேண்டும். கைக்குக் கிடைத்த தேங்காயெண்ணெயைத் தடவிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. இந்த மலைக் குளிரில் அது கட்டியாகவே இருக்கும். சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் எண்ணெய்த் துணியை அடைக்க வேண்டும். மழை வலுத்தால் எலி வீட்டைத் தேடி வரும். ஏர் ஃபில்டர் பெட்டி அதற்கு நல்ல அறை, சீட்டின் பஞ்சு நல்ல மெத்தை. மேலே தார்ப்பாயைப் போட்டு இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். பழைய பருத்திப் போர்வை போதும், காற்று உள்ளே போய்வர வேண்டும்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை இங்குள்ள விவசாயிகள் கொத்தாகக் கட்டி, புகை படும் இடத்தில் தொங்கவிட்டு, அடுத்த நடவுக்கும் விதை எடுக்கிறார்கள். விளைவித்தால் மட்டும் போதாது, வைத்துக் காக்கவும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வண்டிக்கும் அதே அறிவுதான் வேண்டும். ஓட்டுவதில் காட்டும் ஆசையில் கால்பங்கை நிறுத்துவதில் காட்டினால் போதும்.

கடைசியாக ஒரு சீட்டு. "டேங்க் காலி. சைலன்சரிலும் ஏர் ஃபில்டரிலும் துணி இருக்கிறது. பேட்டரி வண்டியில் இல்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டிருக்கிறது" என்று எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுவேன். பொங்கல் கழித்து மலையேறி வந்ததும் அந்தச் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் துடைத்து, டயரில் காற்றுப் பார்த்து மிதித்தால் வண்டி கிளம்பிவிடும். முதல் சில நிமிடம் புகை நிறைய வரும். அது உள்ளே விட்ட எண்ணெய், பயப்பட வேண்டாம்.

மலையில் ஓடித் தேய்ந்த வண்டிகளைவிட நின்று கெட்ட வண்டிகளே அதிகம். உங்களிடம் பைக்கோ, தோட்டத்து மோட்டாரோ, மருந்தடிக்கும் மெஷினோ எது இருந்தாலும், மழைக்கு முன் அதற்காக அரை நாள் ஒதுக்குங்கள்.