சட்டைப்பையில் ஒரு பட்டறை

‘கொல்கத்தா’ என்று தேடினேன். இல்லை என்றது கம்ப்யூட்டர். கண்ணெதிரே அதே பக்கத்தில் நான்கு இடங்களில் கொல்கத்தா இருந்தது. டல்ஹவுசி சதுக்கத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த முதல் வாரம் அது.

கோளாறு முதல் எழுத்தில். பழைய தமிழ் எழுத்துருக்களில் ‘கொ’ என்பது மூன்று துண்டு: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். கண் பார்க்கும் வரிசையிலேயே அவை பதிவாகும். 1991இல் வந்த யூனிகோடு, க-வை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது. அந்தக் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. எண்களை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கோ இரண்டும் வேறு வேறு.

தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளைத் தரங்களாக அறிவித்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆனால் அச்சுத் தொழில் தன் பழைய எழுத்துருக்களைச் சுலபத்தில் விடவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மாற்றி இல்லாமல் முடியாது.

என்னிடம் மாற்றி இருந்தது. முந்தைய அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. அங்கிருந்த வேர்ட் பிராசஸருக்குள் மேக்ரோவாக எழுதியிருந்தேன். அந்த சாஃப்ட்வேர் இல்லாத இடத்தில் மேக்ரோவுக்கு உயிர் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு, ஐந்து ஆண்டுகள் சேர்த்த வங்காளம்-தமிழ்ச் சொற்பட்டியல். வங்காளத்தில் ‘ராக்’ என்றால் கோபம். ‘அபிமான்’ என்றால் நெருங்கியவர் மேல் வரும் மனத்தாங்கல். தமிழ்க் காதில் விழுவதோ ராகமும் அபிமானமும். இப்படித் தடுக்கி விழுந்து கற்ற சொற்களெல்லாம், லைசென்ஸ் இல்லாமல் திறக்காத ஒரு ஃபைலுக்குள் இருந்தன. கையில் மிஞ்சியது பாதிப் பட்டியலின் பிரிண்ட் அவுட். மீதியை நினைவிலிருந்து எழுதினேன். எல்லாம் வரவில்லை.

தச்சர் வேலைக்கு வரும்போது உளியைத் தானே கொண்டுவருகிறார். எந்த வீட்டு மரத்திலும் அது வேலை செய்யும். என் உளியை நான் அடுத்தவர் மேஜையோடு சேர்த்து ஆணி அடித்திருந்தேன்.

பட்டியலை வெறும் எழுத்து ஃபைலாக மாற்றினேன்: ஒரு வரிக்கு ஒரு சொல், நடுவே ஒரு டேப். மாற்றியைப் பைதானில், அதோடு கூடவே வரும் வசதிகளை மட்டும் வைத்துத் திரும்ப எழுதினேன். எழுத்துருக்களின் அட்டவணையை நிரலுக்குள் புதைக்காமல் தனி ஃபைலில் வைத்தேன். நகரின் பெயர் 2001இல் அதிகாரபூர்வமாக மாறினாலும், உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இன்றும் ‘கல்கத்தா’தான். கண்ணை மூடிக்கொண்டு பெயர் மாற்றும் நிரல் இரண்டையும் கெடுத்துவிடும். அந்த விதிவிலக்குகளும் தனி ஃபைலில்தான்.

அடுத்த வேலை சால்ட் லேக் ஐந்தாவது செக்டரில். அங்கே லினக்ஸ். விண்டோஸ் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். அந்த உபரிக் குறி வரியின் கடைசிச் சொல்லில் ஒட்டிக்கொள்ள, இருக்கிற சொல்லும் தேடலில் சிக்காது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதத்தையும் லினக்ஸ் விடாது. ஒரு நாள் உட்கார்ந்து இரண்டையும் சரிசெய்தேன். அதற்கடுத்த அலுவலகத்தில் மேக். பத்து நிமிடத்தில் வேலை தொடங்கியது.

இப்போது பல அலுவலகங்களில் பென் டிரைவ் செருக அனுமதியில்லை. சொந்தமாக எதையும் நிறுவவும் முடியாது. அதில் நியாயமும் இருக்கிறது. எனவே சேரும் நாளிலேயே கேட்டுவிடுகிறேன்: சொற்பட்டியலும் மாற்றியும் என்னுடையவை, உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இவற்றோடு வெளியே போகாது. சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். பைதானுக்கு இடமில்லை என்றாலும், பட்டியலை நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம்.

ராக், அபிமான் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. வராதவை எத்தனை என்று பட்டியல் சொல்லாது. எப்போதாவது ஒரு வங்காளச் சொல்லின் முன் நின்று, இதற்கு நல்ல தமிழ் ஒன்று முன்பே கண்டுபிடித்தேனே என்று தவிப்பேன். மறுபடி கிடைத்ததும் பட்டியலில் ஏற்றி, சேமித்த பிறகுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன்.