இரண்டாவது கொட்டு

எங்கள் வீட்டு மணி உயர்ந்த ஜாதி நாய் அல்ல. மழைக்கு எங்கள் திண்ணையில் ஒதுங்கியவன், மெள்ள மெள்ள வீட்டையே தன்னுடையதாக்கிக் கொண்டான். தபால்காரரைக் கண்டால் சிங்கம் போல் குரைப்பான். திருடனைக் கண்டால் என்ன செய்வான் என்று பார்க்கும் சந்தர்ப்பம் இதுவரையில் வாய்க்கவில்லை. இந்த மணியிடம் நான் ஒரு பாடம் கற்றுக் கொண்டேன். அதற்கு அவன் ஏறக்குறைய உயிரையே விலையாகக் கொடுத்திருப்பான்.

கொல்லையிலுள்ள கொய்யா மரத்தில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. சென்ற தை மாதத்தில் ஒரு நாள், ஈயைப் பிடிப்பதாக எண்ணிக் கொண்டு மணி ஒரு குளவியைக் கவ்வப் பார்த்தான். அது அவன் மூக்கில் கொட்டிவிட்டது. அரை மணி நேரத்தில் முகம் பூசணிக்காய் போல் ஆயிற்று; கண்கள் இடுங்கின; உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பிற்று. என் மனைவி மஞ்சள் அரைத்துப் பூசினாள். மாலைக்குள் வீக்கம் வடிந்தது. பெருமை மஞ்சளுக்கா, அரைத்தவளுக்கா என்று வீட்டில் விவாதம் நடந்ததே தவிர, வைத்தியரிடம் காட்ட வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டைக் கலைக்க வேண்டுமென்று நான் தினந்தோறும் சொல்லிக் கொண்டிருந்தேன். சொன்னதோடு சரி. சித்திரையில் மறுபடியும் கொட்டிற்று. இந்தத் தடவை முகம் வீங்கவில்லை. "பார்த்தாயா, பழகிவிட்டது!" என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வாந்தி. அதைத் தொடர்ந்து பேதி. "குப்பையில் எதையோ தின்றிருக்கிறான்" என்று தீர்ப்பளித்துவிட்டுக் காபியைக் கையில் எடுத்தேன்.

என் பெண் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, ஈறு வெள்ளையாயிருக்கிறதே!" என்று அலறினாள். மணி எழுந்து என்னிடம் வர முயன்றான். பின்னங்கால்கள் மடிந்தன. படுத்தபடியே வாலை ஒரு தரம் ஆட்டினான். அந்த வாலாட்டம் இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டு கால்நடை வைத்தியரிடம் ஓடினோம். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் அட்ரினலின் ஊசி போட்டார். பிறகு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார். மணியின் ஈறு மெள்ளச் சிவந்தது. அப்பால்தான் கேள்விகள் பிறந்தன. "முன்பு ஒரு தடவை கொட்டியதா? என்ன செய்தீர்கள்?" என்றார். மஞ்சள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கடுமையான ஒவ்வாமையில் மனிதர்களுக்குப் பெரும்பாலும் மூச்சுத் திணறுவதைப் பார்க்கிறோம். நாய்க்கு முதல் அடி ஈரலிலும் குடலிலும் விழும். அதனால் வாந்தியும் பேதியும் முன்னால் வருகின்றன. வீட்டார் அஜீரணம் என்று எண்ணி உட்கார்ந்து விடுகிறார்கள்" என்றார். அடங்கிய உபத்திரவம் சில மணி நேரம் கழித்து மறுபடி தலைகாட்டுவதும் உண்டாம். ஆகையால் அன்றிரவு அவனை அங்கேயே வைத்துக் கொண்டார்.

பிற்பாடு இவ்விஷயமாகப் படித்த போது, வைத்திய உலகம் இதைத் தெரிந்து கொண்டதே ஒரு நாயினால்தான் என்று அறிந்து திடுக்கிட்டேன். 1902-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானிகளான ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும், கடல் சாமந்தி என்னும் பிராணியின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிய நாய்க்கு இரண்டாம் தடவை விஷம் உறைக்காது என்று எதிர்பார்த்தார்கள். நெப்ட்யூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியைப் பொருட்படுத்தவில்லை. 22 நாள் கழித்து அதே அளவு செலுத்தியதும் 25 நிமிஷத்தில் மாண்டு போயிற்று. காப்புக்கு நேர் விரோதமான இந்த நிலைக்கு 'அனபிலாக்ஸிஸ்' என்று ரிஷே பெயரிட்டார். 1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெப்ட்யூனுக்கு என்ன கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "பழகிவிட்டது" என்று நான் சொன்னது அந்த மேதைகளும் செய்த பிழைதான் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

எல்லா ஒவ்வாமையும் இப்படிப் பாய்ந்து வருவதில்லை. வால் அடியையும் இடுப்பையும் ஓயாமல் கடித்துக் கொண்டால், தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒவ்வவில்லையோ என்று சந்தேகிக்கலாம். பாதத்தை நக்குவதும், காதைச் சொறிவதும் தூசியாலோ, மகரந்தத்தாலோ, கோழி, மாடு, பால் முதலிய உணவாலோ ஏற்படலாம். உணவுதானா என்று கண்டுபிடிக்க, இதுவரை தின்றிராத ஆகாரம் ஒன்றை மட்டும் எட்டு வாரமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் ஒரு பிஸ்கோத்துக்கூடச் சேரக் கூடாது. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கை வைப்பது அதைவிட ஆபத்து. ஜலதோஷ மாத்திரைகளில் கலந்துள்ள வேறு சில சரக்குகள் நாய்க்கு விஷமாகக்கூடும்.

இப்போது கொய்யா மரத்தில் கூடு இல்லை. சுவரில் வைத்தியரின் டெலிபோன் நம்பர் தொங்குகிறது. மணியின் ஈறு சாதாரணமாக ரோஜா நிறம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாய் வளர்க்கும் நேயர்களே! உங்கள் நாயின் உதட்டை இன்றைக்கே ஒரு முறை தூக்கிப் பார்த்து வையுங்கள். நல்ல நாளில் பார்த்து வைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.