வாழை இலைக் கட்டின் வரி

என்னிடம் வேலை பழகும் பெண், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாதக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினாள். ரசீதைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதும்; மென்பொருளே தொகையைப் படித்து, தலைப்புப் போட்டு, ஜிஎஸ்டியையும் பிரித்துவிடுகிறது. வாழை இலைக் கட்டு 109 வெள்ளி. அதில் 9 வெள்ளியைத் திரும்பக் கேட்கும் வரியில் சேர்த்திருந்தது. 9 விழுக்காட்டுக்குக் கணக்கு பிசகவில்லை. ஆனால் தேக்கா சந்தையில் இலை விற்கும் அக்கா ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவரே இல்லை. ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு எண் இல்லாத ரசீதில் திரும்பக் கேட்க வரி ஏது?

“பார்த்ததும் எப்படிண்ணே தெரிஞ்சது?” என்றாள்.

கையால் பதிந்து பதிந்துதான். முன்பு மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கணக்கப்பிள்ளைகள் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, ஐந்தொகை எடுத்துப் பழகியதும் இப்படித்தான். ஒரே கடையின் ரசீதுகளை ஆண்டுக்கணக்கில் தட்டினால், யாரிடம் எது வாங்குகிறார்கள், தீபாவளி மாதம் நெய் எவ்வளவு கூடும் என்பதெல்லாம் விரலுக்கே தெரிந்துவிடும்.

கையால் தட்டும் அந்த வேலை மறைந்துகொண்டிருக்கிறது. 2026 ஏப்ரல் முதல், தாமாக முன்வந்து ஜிஎஸ்டிக்குப் புதிதாகப் பதிவு செய்யும் நிறுவனங்களின் விலைப்பட்டியல் விவரம் இன்வாய்ஸ்நவ் என்ற மின்-விலைப்பட்டியல் வலையமைப்பு வழியாக வருவாய் ஆணையத்துக்கே போயாக வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. இரவு பத்து மணிவரை ரசீது தட்டிக் களைத்த கண்கள் இவை. கவலையெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். தட்டாமல் அவளுக்குக் கடை எப்படிப் புரியும்?

அதனால் மாதத்தில் ஒரு காலை அவளைக் கடைக்கே அனுப்புகிறேன். சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், கல்லாவில் இருப்பவரிடம் பேச வேண்டும். பதிலுக்கு, வங்கி வரவுகளை மென்பொருள் தானே பிரிக்கும்படி விதி எழுத அவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். நாற்பது வயதை எட்டியவர்களுக்கு 2024-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டம் தந்த 4,000 வெள்ளியில், தரவு அலசும் வகுப்பு ஒன்றிலும் சேர்ந்திருக்கிறேன். விதி எழுதத் தெரியாவிட்டால், அது எங்கே தவறும் என்று சொல்லவும் எனக்குத் தெரியாது.

போன வாரம் அவளே வந்தாள். “அண்ணே, வேன் செலவுல பெட்ரோல் ரசீது ஆறு இருக்கு. கடை வேன் டீசல். சரக்கு இறக்குறப்ப நான் பார்த்தேனே. இது முதலாளியோட சொந்தக் காருக்குப் போட்டது. இதுல வரியைத் திரும்பக் கேட்க முடியாதுல்ல?”

முடியாது. ஆறையும் எடுத்துவிட்டோம்.