பிரெஞ்சு ஊருக்கு பிரெஞ்சு எஞ்சின்!

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வசமாகி, 1954-ல் இந்தியாவோடு இணைந்த காரைக்காலில் மலையே கிடையாது. அரசலாற்று முகத்துவார மணலும், ஐப்பசி மழையில் சேறாகும் வயல் பாதைகளும்தான் வண்டிகளுக்குச் சவால்.

பழைய ஃபோர் வீல் டிரைவ் மஹிந்திரா பிக்கப்புக்கு எஞ்சின் மாற்றுபவர்கள் குதிரைசக்தியை மட்டும் பார்த்தால் போதாது. வில்லிஸ் பெட்ரோல் எஞ்சின் 75 குதிரைசக்தி கொண்டது. ஆனால், டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் தண்ணீர் நடுவே நின்றுவிடும். பிரான்ஸின் பெஜோ உரிமத்தில் மஹிந்திரா தயாரித்த டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கே இல்லை. ஏர் ஃபில்டருக்குள் தண்ணீர் புகாதவரை ஓடும்.

அளவுக்கு மீறிய புது எஞ்சினை ஏற்றினால் பழைய கியர்பாக்ஸ் தாங்காது. எதை மாற்றினாலும், முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். ஆர்.சி.யில் புது எஞ்சின் எண் ஏறாவிட்டால், எல்லை தாண்டி நாகூர் போனாலே சிக்கல்; விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கலாம்!