விடைத்தாளையும் வாசிப்போம்

தேர்ச்சி அறிக்கை வீட்டிற்கு வரும் நாள், பல இல்லங்களில் விசாரணை நாளாகவே அமைந்து விடுகிறது. "எவ்வளவு?" என்பது ஒன்றே கேள்வி, ஓர் எண்ணே அதற்கு விடை. எண் கூடினால் மகிழ்ச்சி, குறைந்தால் ஏச்சும் அடியும். பிள்ளை எதைக் கற்றது, எவ்விடத்தில் தடுமாறியது என்று கேட்பார் அரியர்.

மூன்றாம் வகுப்பில் பயிலும் என் தங்கை மகன் ஒருநாள் கணக்கு விடைத்தாளை மறைத்து வைத்திருந்தான். ஐந்து கழித்தல் கணக்குகள், ஐந்தும் தவறு. "எனக்குக் கணக்கே வராது, மாமா" என்று தலை கவிழ்ந்தான். எட்டு வயதிலேயே ஒரு குழந்தை தனக்குத்தானே இத்தகைய தீர்ப்பை எழுதிக் கொண்டது என் உள்ளத்தை வருத்திற்று.

தாளை வாங்கிப் பார்த்தேன். 52இல் 27 போக 35 என்றும், 63இல் 18 போக 55 என்றும் எழுதியிருந்தான். எல்லாக் கணக்குகளிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தையே கழித்திருந்தான். கடன் வாங்குதல் விளங்காமையால் நேர்ந்த ஒரே தவறுதான் ஐந்து முறை வந்திருந்தது.

தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் அவன்முன் வைத்தேன். "இருபத்தேழு கொடு" என்றேன். இரண்டு கட்டுகளையும் இரண்டு குச்சிகளையும் தந்தான். இன்னும் ஐந்து வேண்டுமே! நெடுநேரம் கட்டுகளையே பார்த்திருந்தவன், "ஒரு கட்டைப் பிரிக்கலாமா, மாமா?" என்று கேட்டான். அன்று மாலையே ஐந்து கணக்குகளையும் தானே திருத்தி முடித்தான்.

ஆசிரியர் இட்ட மதிப்பெண் நேர்மையானதே. தேர்வு இல்லையேல் இக்குறை வெளிப்பட்டிராது. ஆயினும், காய்ச்சலைக் காட்டும் வெப்பமானி காய்ச்சலைத் தீர்ப்பதில்லை.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமையில் குழந்தைகள் இல்லம் தொடங்கியவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவர் அமைத்த கல்விப் பொருள்களுள் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றிற்கேற்ற பத்து உருளைகளும் கொண்ட மரக்கட்டை. ஓர் உருளையை இடம் மாற்றி வைத்தால் இறுதியில் ஒன்று பொருந்தாமல் எஞ்சும். குழந்தை தானே எடுத்து மீண்டும் அடுக்கும். அங்கே சிவப்பு மையும் இல்லை, பரிசும் இல்லை, தவறே ஆசானாகிறது.

2017-இல் தமிழக அரசு, பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. நம் இல்லங்களில் மட்டும் அவ்வழக்கம் நீடிப்பது முறையோ? பெற்றோர்களே, அடுத்த முறை அறிக்கையில் கையொப்பமிடுமுன் விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, "இவ்விடை உனக்கு எப்படி வந்தது?" என்று வினவுங்கள். சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். மனப்பாடம் எது, புரிந்து கொண்டது எது என்பது அப்போது தெளிவாகும். இதற்குக் கால் மணி நேரம் போதும்.